காயத்துக்குப் பெயர் வைத்தால் போதுமா?

ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கு 'வெல்பேர் ஆபீசர்' என்றால் யார் என்று நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. கான்டீன் சோற்றிலே கல் கிடந்தாலும் அவரிடம்தான் போய் நிற்பது. வீட்டிலே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டாலும் அவரிடம்தான். அந்த நாற்காலியிலே அமர்ந்தவர்களில் பலர் சமூகப் பணியிலே முதுகலைப் பட்டம் பெற்றவர்கள்; எம்.எஸ்.டபிள்யூ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக் கொள்பவர்கள். சம்பளம் கொடுப்பவர் முதலாளி. நலம் பார்க்க வேண்டியதோ தொழிலாளிக்கு! இந்த இரண்டுக்கும் நடுவே அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது அவருடைய நல்ல குணத்தை மட்டுமா பொறுத்தது? அவர் படித்து வந்த பாடத்தைப் பொறுத்தது. அவருக்கு உத்தரவிடும் கை எது என்பதைப் பொறுத்தது.

இந்தச் சிறு உண்மையைக் கையிலே பிடித்துக் கொண்டு கனடா நாடு வரைக்கும் வாருங்கள், தோழர்களே! அங்கே சில பல்கலைக் கழகங்களிலே சமூகப் பணி முதுகலைப் படிப்பில் ஒரு தனிப் பிரிவு நடக்கிறது. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வரும் உள்ளக் காயம் என்ன? அத்தனை அடிக்குப் பிறகும் அவர்கள் மீண்டெழுந்து நிற்பது எப்படி? இந்த இரண்டு கேள்விகளையும் நடுவிலே வைத்துப் பாடம். "பட்டப் படிப்புக்கு இதுவும் ஒரு பாடமா?" என்று முகம் சுளிப்பவர்கள் அங்கேயும் இல்லாமல் இல்லை. நாம் சொல்கிறோம்: பாடம் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் பாடத்தோடு நின்று விட்டால் பழைய கதைதான் புதுச் சட்டை போட்டுக் கொண்டு வரும்.

பழைய கதை என்ன என்று கேட்கிறீர்களா?

பள்ளிப் புத்தகத்திலே 'செவ்விந்தியர்' என்று படித்திருப்போம். கொலம்பஸ் வழி தவறிப் போய் இறங்கிய இடத்தை இந்தியா என்று எண்ணிக் கொண்டான். அவன் தவறுக்கு அந்த மக்கள் ஐந்நூறு ஆண்டுகளாகப் பெயர் சுமந்தார்கள்! அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. கிரீ, அனிஷினாபே, மிக்மாக், ஹைடா என்று எத்தனையோ குடிகள், எத்தனையோ மொழிகள். அந்தக் குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தொலை தூரத்திலே விடுதிப் பள்ளிகளில் அடைக்கும் ஏற்பாட்டைக் கனடா அரசு 1880களிலே விரிவாகத் தொடங்கியது. பணம் அரசினுடையது, நிர்வாகம் பாதிரிமாருடையது. 1920இல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளையை அனுப்ப மறுக்கும் தாய் தகப்பனுக்குத் தண்டனை என்றார்கள். ஒன்றரை லட்சம் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளின் வழியே சென்றார்கள். கடைசிப் பள்ளிகள் இழுத்து மூடப்பட்டது எப்போது தெரியுமா? 1990களின் பிற்பகுதியிலே! ஏதோ பாட்டன் காலத்துப் பழங்கதை என்று தள்ளி விட முடியாது. அங்கே படித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் தலைமயிரை வெட்டினார்கள். உடுப்பை மாற்றினார்கள். பெயருக்குப் பதிலாக எண் கொடுத்த இடங்களும் உண்டு. தாய்மொழியிலே ஒரு சொல் பேசினால் அடி. அரை நாள் படிப்பு, மறு அரை நாள் வேலை. பையன்களுக்கு வயல், பெண் பிள்ளைகளுக்குத் தையலும் துவைப்பும். கூலியா? பேச்சே இல்லை! கல்வி என்று பலகை மாட்டி, உள்ளே பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டிய பட்டறை அது.

பீட்டர் பிரைஸ் என்ற அரசாங்க மருத்துவ அதிகாரி 1907இல் இந்தப் பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். அவருக்குக் கணக்குக் கிடைத்த பள்ளிகளிலே படித்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்து போயிருந்தார்கள். காச நோய். காற்று வராத கூடம், நெருக்கமான படுக்கை, போதாத சோறு. அறிக்கையை வாங்கி வைத்துக் கொண்ட அரசு அவர் சொன்னதைச் செய்யவில்லை. வேலையை விட்டு வெளியே வந்த பிறகு 1922இல் அவர் 'ஒரு தேசியக் குற்றம்' என்ற தலைப்பிலே சிறு நூல் வெளியிட்டுக் கதறினார். கேட்ட செவி எத்தனை? பின்னாளிலே உண்மை அறியும் ஆணையம் பதிவேடுகளைப் புரட்டியபோது 3,200 பிள்ளைகளின் சாவு கணக்கிலே தெரிந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளுக்குப் பெயர் கூட எழுதி வைக்கவில்லை! செத்தது ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று எழுதாத பதிவும் உண்டு. தொழுவத்திலே மாடு செத்தால் கூட உரியவன் இன்ன மாடு என்று சொல்வானே!

இதெல்லாம் பாதிரிமாரும் பழைய ஆட்சியாளரும் செய்த கொடுமை. சமூகப் பணி படித்த பட்டதாரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இனிமேல்தான் வருகிறது. அதுதான் இன்றைய பேச்சின் உயிர்.

1947இல் கனடா நாட்டுப் பாராளுமன்றக் கூட்டுக் குழு ஆதிக்குடிகள் பற்றிய சட்டத்தை ஆராய்ந்து கொண்டிருந்தது. கனடா சமூகப் பணியாளர் சங்கமும் இன்னொரு நல மன்றமும் சேர்ந்து அதன் முன்னே ஒரு மனுக் கொடுத்தன. மாகாணங்களிலே மற்றக் குழந்தைகளுக்குக் கிடைக்கும் நலப் பணி ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது கோரிக்கை. கேட்பதற்கு எவ்வளவு இனிக்கிறது! எல்லோருக்கும் ஒரே சட்டம், எல்லோருக்கும் ஒரே நலம்! 1951இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு பக்கம் பார்த்தால் அது நல்ல திருத்தம்தான். 1927 முதல் அந்த மக்கள் தங்கள் நில உரிமை வழக்குக்காக அனுமதியின்றி நிதி திரட்டினால் குற்றம் என்று இருந்தது. உண்டியல் குலுக்கிக் கட்சி வளர்த்த தோழர்களுக்கு அதன் பொருள் தனியே சொல்ல வேண்டுமா? அந்தத் தடை 1951இல் போயிற்று. அவர்களுடைய விழாக்களுக்கு இருந்த தடையும் போயிற்று. ஆனால் அதே திருத்தம் இன்னொரு கதவைத் திறந்து விட்டது. மாகாணத்துச் சட்டங்கள் ஆதிக்குடிகளின் ஊர்களுக்குள்ளும் செல்லும் என்றது. அந்தக் கதவு வழியே காரிலே வந்து இறங்கினார் சமூகப் பணியாளர்.

வந்தவர் என்ன பார்த்தார்? சிறிய மரவீடு. குழாய்த் தண்ணீர் இல்லை. குளிர்பதனப் பெட்டியிலே பால் இல்லை. பிள்ளை தாயிடம் இல்லை, பாட்டி வீட்டிலே தூங்குகிறது. பாட்டியும் சித்தியும் மாமனும் சேர்ந்து வளர்ப்பது அந்த மக்களின் வழக்கம். நமக்கு அது புதிதா? ஆனால் நகரத்துக் கல்லூரியிலே அவர் படித்த புத்தகத்தில் 'குடும்பம்' என்றால் தகப்பன், தாய், பிள்ளைகள், ஆளுக்கு ஓர் அறை. புத்தகத்தை விரித்துப் பார்த்தார்; வீட்டைப் பார்த்தார்; பொருந்தவில்லை. 'புறக்கணிக்கப்பட்ட குழந்தை' என்று படிவத்திலே எழுதினார். பிள்ளையைத் தூக்கிக் காரிலே வைத்தார்.

கணக்கு இதோ. மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே 1955இல் அரசுப் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் 3,433. அவர்களில் ஆதிக்குடிப் பிள்ளைகள் 29 பேர். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. 1964இல்? 1,446 பேர்! மொத்தத்திலே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒன்பதே ஆண்டுகளில் அத்தனை தாய்மாரும் பிள்ளை வளர்க்க மறந்து போனார்களா? சஸ்காச்சுவான் மாகாணத்திலே 1967இல் தத்தெடுக்கும் திட்டம் ஒன்று கொண்டு வந்து, பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அந்தப் பிள்ளைகளின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்தார்கள். சந்தைக்கு வந்த கன்றுக்குட்டியை எப்படிக் காட்டுவார்கள், அப்படி! நாடெங்கிலுமாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளுக்கு, அமெரிக்காவுக்கும் கடல் கடந்தும் கூட, போய்ச் சேர்ந்தார்கள். மானிடோபா மாகாணத்து நீதிபதி எட்வின் கிமெல்மன் இதை விசாரித்து, 1985இல் வெளியிட்ட அறிக்கையிலே 'பண்பாட்டுப் படுகொலை' என்றே எழுதினார்.

தோழர்களே, இதைச் செய்தவர்கள் கொடியவர்களா? அதுதான் இல்லை! பெரும்பாலோர் நல்லெண்ணம் கொண்டவர்கள். ஏழைக் குழந்தைக்கு நன்மை செய்வதாகவே நம்பியவர்கள். பட்டம் பெற்றவர்கள், பண்போடு பேசக் கூடியவர்கள். கொடியவன் கையிலே கத்தி இருந்தால் நாம் விலகிக் கொள்வோம். நல்லவன் கையிலே தவறான பாடம் இருந்தால்? கதவைத் திறந்து வரவேற்று நாற்காலி போடுகிறோம்! அந்தச் சமூகப் பணியாளர் சங்கமே 2019இல் மன்னிப்பு அறிக்கை வெளியிட்டு, 1947ஆம் ஆண்டு மனுவையும் குறிப்பிட்டுத் தன் பங்கை ஒப்புக் கொண்டது. எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து! ஒப்புக் கொள்ளாதவர்கள் இருக்கும் உலகத்திலே அது ஒரு நாகரிகம்தான், மறுக்கவில்லை.

சரி, புதிய பாடம் என்ன சொல்கிறது?

லக்கோட்டா என்பது இன்றைய அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியிலே வாழும் ஒரு குடி. 1890 டிசம்பரிலே ஊண்டட் நீ என்ற இடத்தில் அந்த மக்களை, பெண்களும் குழந்தைகளுமாக, அமெரிக்கப் பட்டாளம் சுட்டுத் தள்ளியது. அந்தக் குடியிலே பிறந்து, சமூகப் பணி படித்து, பேராசிரியராக விளங்கியவர் மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட் அம்மையார். 'வரலாற்றுக் காயம்' என்ற கருத்தை முன்வைத்தவர் அவர். ஒரு கூட்டத்தின் மீது விழுந்த பேரடி அந்தத் தலைமுறையோடு முடிவதில்லை. அழ வேண்டிய அழுகையை அழ விடாமல் அடக்கினால் அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும் என்பது அதன் சாரம்.

எளிதாகச் சொல்வோம். ஆறு வயதிலே தாயிடமிருந்து பிடுங்கி விடுதியிலே அடைத்த பிள்ளை, பதினாறு வயது வரை ஒரு தாய் தன் குழந்தையை எப்படி மடியிலே போட்டுத் தாலாட்டுவாள் என்று கண்ணால் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் மணியோசையும் பிரம்பும். அவள் தாயானால்? கொஞ்சத் தெரியாமல் தவிப்பாள். தகப்பன் குடியிலே விழுவான். மூன்றாம் தலைமுறையிலே அந்த வீட்டுக் கதவைத் தட்டும் அதிகாரி பழைய பாடம் படித்தவரானால் 'தகுதியற்ற பெற்றோர்' என்று எழுதுவார்; வேலை முடிந்தது. புதிய பாடம் படித்தவரானால், "இந்தத் தகப்பனுக்கு என்ன நேர்ந்தது? இந்தத் தாயின் தாய் எந்தப் பள்ளியிலே இருந்தாள்?" என்று கேட்பார். பக்கத்துத் தெருவிலே பெரியம்மா இருக்கிறாளா, அவள் பிள்ளையைப் பார்த்துக் கொள்வாளா என்று விசாரிப்பார். ஒரே வீடு, ஒரே குடும்பம். எழுதப்படும் வரி வேறு. அந்த ஒரு வரியிலே ஒரு பிள்ளையின் வாழ்வு தொங்குகிறது.

அன்டாரியோ மாகாணத்திலே கிச்சனர் என்ற ஊர். வில்பிரிட் லாரியர் பல்கலைக் கழகத்தின் சமூகப் பணிக் கல்லூரி அங்கே இருக்கிறது. முதுகலையிலே ஆதிக்குடிகளுக்கான தனிப் பிரிவு வைத்து நடத்துகிறார்கள். ஆசிரியர் மேடையிலே, மாணவர் கீழே என்ற அமைப்பை விட்டு, எல்லோரும் வட்டமாக அமர்ந்து முறை வைத்துப் பேசும் பழங்குடி வழக்கத்தை வகுப்பறைக்குள் கொண்டு வந்தார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாத ஊர்ப் பெரியவர், மூத்த தாய், பட்டம் பெறப் போகிறவர்களுக்கு ஆசானாக அமர்கிறார். மாணவர்கள் ஊருக்கு வெளியே முகாம் போட்டு, மண்ணோடும் சடங்கோடும் சில நாட்கள் வாழ்ந்து வர வேண்டும், அதுவும் பாடம். சஸ்காச்சுவானிலே ஆதிக்குடிகள் தாங்களே நிர்வகிக்கும் கல்லூரி 1976இலேயே எழுந்து, இன்று பல்கலைக் கழகமாக நிற்கிறது. அங்கும் சமூகப் பணி கற்பிக்கிறார்கள். சடங்கு, பூசை என்றால் நம்முடைய பகுத்தறிவுத் தோழர்களுக்குப் புருவம் உயரும். உயரட்டும், ஆனால் ஒன்றை நினைக்க வேண்டும். அந்தச் சடங்கை வைத்து அங்கே யாரும் யாரையும் தாழ்த்தவில்லை. சிறையிலே போட்டுத் தடுத்த வழக்கத்தை மீட்டெடுப்பது அவர்களுக்கு மானத்தை மீட்டெடுப்பது.

மறைந்த நீதிபதி முர்ரே சின்கிளேர், தாமே அனிஷினாபே குடியிலே பிறந்தவர். அவர் தலைமையிலே உண்மை அறியும் ஆணையம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் நாடெங்கும் சென்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாக்குமூலம் கேட்டு, 2015இல் 94 கட்டளைகளை நாட்டின் முன் வைத்தது. அவற்றில் முதலாவது எது? பள்ளிக்கூடமா, நினைவுச் சின்னமா? இல்லை. குழந்தை நலம்! சமூகப் பணியாளர்களுக்கு விடுதிப் பள்ளிகளின் வரலாறும் அதன் விளைவும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். குடும்பத்தைச் சீர் செய்யும் வழி அந்தந்தச் சமூகத்திடமே இருக்கலாம் என்பதும் கற்பிக்கப்பட வேண்டும் என்று முதல் கட்டளைக்குள்ளேயே எழுதினார்கள். குடும்பங்களைப் பிரிக்காமல் வைத்திருக்கப் போதிய பணம் தர வேண்டும் என்பதும் அதே முதல் கட்டளையில் இருக்கிறது. பாடத்தைப் பற்றிய வரி பல்கலைக் கழகங்களுக்கு நன்றாகக் கேட்டது. பணத்தைப் பற்றிய வரி அரசாங்கத்தின் செவியிலே அவ்வளவு நன்றாக விழவில்லை!

இங்கேதான் நமக்குச் சண்டை.

'மீண்டெழும் திறன்' என்று ஒரு சொல் இந்தப் படிப்பிலே அடிக்கடி வரும். அழகான சொல். அந்த மக்கள் அழிந்து போகாமல் நிற்கிறார்களே, அது திறன்தான்; போற்ற வேண்டியதுதான். ஆனால் அடிபடுகிறவனைப் பார்த்து, "ஆகா, எவ்வளவு தாங்குகிறான்!" என்று கைதட்டிக் கொண்டே இருந்தால் என்ன பொருள்? அடிக்கிற கையை யார் பிடிப்பது? பாரம் தூக்கும் தொழிலாளியின் தோள் வலிமையைப் புகழ்ந்து கவிதை பாடிவிட்டுக் கூலியைக் குறைத்த முதலாளிகளை நாம் பார்க்காதவர்களா? கனடாவிலே இப்போது ஒரு வழக்கம்: கூட்டம் தொடங்குமுன், "நாம் அமர்ந்திருக்கும் இந்த நிலம் இன்ன குடிக்கு உரியது" என்று எழுந்து நின்று வாசிக்கிறார்கள். மரியாதைதான். கூட்டம் முடிந்ததும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததாகத்தான் செய்தி வருவதில்லை!

மீண்டெழும் திறன் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டபர் லலோண்ட் என்பவர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவிலே ஏறத்தாழ 200 ஆதிக்குடி ஊர்கள். 1987 முதல் 1992 வரை அவற்றிலே நடந்த இளைஞர் தற்கொலைகளைக் கணக்கெடுத்து 1998இல் வெளியிட்டார்கள். ஆதிக்குடி இளைஞர் என்றாலே தற்கொலை என்று நாடு பேசிக் கொண்டிருந்த நேரம். கணக்கு வேறு சொன்னது. பாதிக்கும் மேற்பட்ட ஊர்களிலே ஒரு தற்கொலை கூட இல்லை. சாவுகள் எல்லாம் சில ஊர்களிலேயே குவிந்து கிடந்தன. என்ன வேறுபாடு? தன்னாட்சி உண்டா? நில உரிமைக்குப் போராடுகிறதா? பள்ளிக்கூடம் ஊர் கையிலே இருக்கிறதா? மருத்துவம்? காவலும் தீயணைப்பும்? பண்பாட்டுக்கு ஒரு மன்றம்? இந்த ஆறும் இருந்த ஊர்களிலே அந்த ஆண்டுகளில் ஓர் இளைஞன் கூடத் தற்கொலை செய்து கொள்ளவில்லை! ஒவ்வொன்றாகக் குறையக் குறையச் சாவு ஏறியது. பிறகு 2007இல் மொழியையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஊராரில் பாதிப் பேருக்கு மேல் தாய்மொழியிலே உரையாடத் தெரிந்த ஊர்களில் இளைஞர் தற்கொலை இல்லை, அல்லது மிகக் குறைவு.

புள்ளிக் கணக்கு எல்லாவற்றையும் நிரூபித்து விடாது. தன்னாட்சி இருந்ததால் நலம் வந்ததா, நலமாக இருந்த ஊர் தன்னாட்சியைப் பிடித்ததா என்று புலவர்கள் வாதிடலாம். வாதிடட்டும்! ஆயினும் தாய்மொழியும் தன்னாட்சியும் வயிற்றுக்குச் சோறு போடுமா என்று நம்மைப் பார்த்து நையாண்டி செய்தவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை படிக்கட்டும். கனடா நாட்டிலே அது பிள்ளையின் உயிரோடு சேர்ந்து நிற்கிறது. முதுகலை மாணவனுக்கு இதை முதல் நாள் பாடமாகச் சொல்ல வேண்டும். தனி மனிதனை எதிரே உட்கார வைத்து ஆறுதல் சொல்வது தேவை. அந்த ஆறுதலோடு அவன் திரும்பிப் போவது எந்த ஊருக்கு? அந்த ஊரின் சாவி யாரிடம்?

"பிள்ளை அடிபடும் வீட்டிலும் இனத்தின் பெயரால் விட்டு விடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி, தட்டிக் கழிக்கக் கூடாது. அடிபடும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் வேண்டும், எந்தக் குடியானாலும். ஆனால் ஆதிக்குடிப் பிள்ளைகள் பெரும்பாலும் பிரிக்கப்பட்டது அடியினால் அல்ல என்று கனடா நாட்டு ஆய்வுகளே காட்டின. 'புறக்கணிப்பு' என்ற தலைப்பிலே பிரித்தார்கள். அந்தத் தலைப்புக்குள்ளே கிடந்தது வறுமை, நெருக்கடி வீடு, குடி. வறுமைக்கு வைத்தியம் பிள்ளையைப் பறிப்பதா? ஒழுகும் கூரையை மாற்றப் பணம் இல்லை என்ற அரசுக்கு, அதே பிள்ளையை வேறொரு வீட்டிலே வளர்க்க மாதந்தோறும் பணம் கொடுக்க மட்டும் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைத்தான் சிண்டி பிளாக்ஸ்டாக் அம்மையார் நீதி மன்றத்திலே கேட்டார். கிட்ஸான் குடியிலே பிறந்தவர். சமூகப் பணியாளராக வீடு வீடாகச் சென்றவர். பின்னர் மக்கில் பல்கலைக் கழகத்திலே சமூகப் பணிப் பேராசிரியர். ஆதிக்குடி ஊர்களின் குழந்தை நலத்துக்கு ஒன்றிய அரசு வேண்டுமென்றே குறைத்துப் பணம் ஒதுக்குகிறது, இது இனப் பாகுபாடு என்று 2007இல் மனித உரிமை ஆணையத்திலே புகார். ஆதிக்குடிகளின் பேரவையும் கூட நின்றது. அரசு என்ன செய்தது? வழக்கறிஞர்களை ஏவிச் சட்ட நுணுக்கம் பேசி இழுத்தடித்தது. அது போதாதென்று, அதிகாரிகள் அந்த அம்மையாரின் சொந்த முகநூல் பக்கத்தைத் தோண்டித் தகவல் சேர்த்தார்கள். தனியுரிமை ஆணையரே 2013இல் அது தவறு என்று சொன்னார். குழந்தைக்குப் பால் கேட்டவளுக்குப் பின்னால் உளவு! ஆட்சியாளரின் புத்தி எல்லா நாட்டிலும் ஒரே அச்சிலே வார்த்ததுதான் போலும்.

வழக்கோடு சேர்ந்து ஒரு குழந்தையின் பெயரும் நாடெங்கும் ஒலித்தது. ஜார்டன் ரிவர் ஆண்டர்சன். மானிடோபாவில் நார்வே ஹவுஸ் கிரீ குடியிலே பிறந்தவன், பிறவியிலேயே நோய். மருத்துவ மனையை விட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லி விட்டார்கள். வீட்டிலே பார்த்துக் கொள்ளும் செலவு யாருடையது? ஒன்றிய அரசு மாகாணத்தைக் காட்டிற்று. மாகாணம் ஒன்றியத்தைக் காட்டிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இந்த வழக்காடல். 2005இல், ஐந்து வயதிலே, ஒரு வீட்டிலே ஒரு நாள் கூட வாழாமல், மருத்துவ மனையிலேயே அந்தப் பிள்ளை இறந்தது. அதன் பிறகுதான், முதலில் சிகிச்சை, பிறகு கணக்கு என்ற 'ஜார்டன் நெறி'யை 2007இல் பாராளுமன்றம் ஏற்றது. ஏற்றதை நடைமுறைக்குக் கொண்டு வரவும் வழக்கு வேண்டியிருந்தது!

2016 சனவரியிலே தீர்ப்பு. அரசு பாகுபாடு காட்டியது உண்மை. பணம் ஒதுக்கும் முறையே பிள்ளைகளைப் பிரிக்கத் தூண்டுவதாக அமைந்திருந்தது என்றது தீர்ப்பாயம். பிறகும் இழுபறி. கடைசியிலே 2,300 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் 2023இல் ஏற்றது. சமூகப் பணி படித்தவர் என்றால் இவரல்லவா படித்தவர்! படிவம் நிரப்பத் தெரிந்தால் போதாது. படிவத்தை அச்சடித்தவனைக் கூண்டிலே ஏற்றத் தெரிய வேண்டும்.

இந்த இடத்திலே கனடா வாழ் ஈழத் தமிழரையும் ஒரு சொல் கேட்க வேண்டியிருக்கிறது. 1983க்குப் பிறகு உயிரைக் கையிலே பிடித்துக் கொண்டு போய் இறங்கி, டொராண்டோவைச் சுற்றிப் பெரும் சமுதாயமாக வளர்ந்தவர்கள் அவர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்காதவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கே இந்தப் படிப்புக்குப் போகக் கூடியவர்கள். நாளைக்கு அதிகாரியாக ஓர் ஆதிக்குடித் தாயின் கதவைத் தட்டக் கூடியவர்கள். அகதியாகத் தாங்கள் கால் ஊன்றிய நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலே சொல்கிறார்களா?

2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் பாருங்கள். கனடாவிலே 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிலே ஆதிக்குடிப் பிள்ளைகள் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. வளர்ப்பு வீடுகளிலே இருக்கும் அந்த வயதுப் பிள்ளைகளிலோ நூற்றுக்கு ஐம்பத்து மூன்றுக்கும் மேல்! 2016இலே ஐம்பத்திரண்டாக இருந்தது. பாடம் வந்தது, மன்னிப்பு வந்தது, ஆணையம் வந்தது. எண்ணிக்கை இறங்கவில்லை, ஏறியது. பட்டம் மட்டும் பெற்று வந்தவர் பழைய சட்டத்தின் கீழே, பழைய மேலதிகாரியின் கீழே போய் அமர்ந்தால் வேறென்ன நடக்கும்?

அதனால்தான் 2019இல் வந்த புதிய சட்டம் முக்கியமாகிறது. தங்கள் பிள்ளைகளின் நலம் பற்றித் தாங்களே சட்டம் செய்யும் உரிமை ஆதிக்குடிகளுக்கு உண்டு என்று அது ஒப்புக் கொண்டது. கியூபெக் மாகாண அரசு எதிர்த்து வழக்காடியது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியிலே சட்டம் முழுவதும் செல்லும் என்று தீர்ப்பளித்து விட்டது.

சஸ்காச்சுவானிலே கவசெஸ் என்ற குடி. மேரிவல் என்ற விடுதிப் பள்ளி நின்ற மண் அது. அந்தக் குடியினர் தங்களுக்கென்று குழந்தை நலச் சட்டம் இயற்றி, தங்கள் மொழியிலே 'நல்வாழ்வு' என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 2021 சூலையிலே நாட்டின் தலைமை அமைச்சரும் மாகாண முதல்வரும் அந்த ஊருக்கே வந்து உடன்பாட்டிலே கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் புதிய சட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதல் உடன்பாடு. ரெட் பேர் என்ற தலைவரின் பெயரால் அவர்கள் நடத்தும் குழந்தைகள் இல்லம் வேலையைத் தொடங்கி விட்டது. வட்டமாக உட்கார்ந்து படித்த பட்டதாரிகள் அங்கே தேவை. அங்கேயும் அதிகாரி கதவைத் தட்டத்தான் போகிறார். படிவம் நிரப்பத்தான் போகிறார். அந்தப் படிவத்தை அச்சடிப்பது ஊர்.